வெறுந்தட்டு திரும்பக் கூடாது

(கிறிஸ்மஸை முன்னிட்டு நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம்.)



 

இந்தக் கூடுகையில் ஒரு வேதபகுதியை எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த முறை கிறிஸ்மஸ் பலகாரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது, அலுவலகத்தில் இருந்த சகோதரர் ஒருவர், "ஐயா, பிரசங்கமா, சமையல் குறிப்பா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொன்னோம். பொறுமையோடு கேளுங்கள். வீட்டில் அடுப்பு ஏறும் நாட்கள் இவை. உங்களில் பலர் மாவு சலித்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பனங்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. நாங்கள் சொல்லுவது 1970-களின் தொடக்கம். அந்த ஊரில் கேக் சுடுகிற மின்சார அடுப்பு எந்த வீட்டிலும் இல்லை. எங்கள் தாயார் பெரிய அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, விறகடுப்பில் ஏற்றி, மணல் நன்றாகச் சூடான பிறகு கேக் தட்டை அதன்மேல் வைத்து மூடுவார்கள். மூடியின்மேல் சிரட்டைக் கனலை அள்ளிப் போடுவார்கள். கீழே மணலின் சூடு, மேலே கனலின் சூடு. அவ்வளவுதான் அடுப்பு.

மாவும் பெரிய இரகசியம் அல்ல. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா நான்கும் ஒரே எடை. ஆங்கிலேயர் வீடுகளில் நான்கிலும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், எடுத்துச் செய்ததால்தான் அதற்குப் பவுண்டு கேக் என்று பெயர் வந்தது. எங்கள் வீட்டில் அதில் கால்வாசிதான் சேரும். முட்டை மட்டும் வீட்டுக் கோழி இட்டதைப் பானைக்குள் தவிட்டில் சேர்த்து வைப்பார்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் கையால் தேய்த்து நுரைக்க வைப்பது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. தேய்க்கத் தேய்க்க வெண்ணெய்க்குள் காற்று அடைபடுகிறது, அந்தக் காற்றுதான் சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கிவிடுகிறது என்று பிற்பாடு படித்தோம். அன்றைக்குக் கை வலித்ததுதான் தெரியும். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர். கடைசியில் ஈர்க்குச்சியைக் கேக்கின் நடுவே குத்தி எடுத்து, மாவு ஒட்டாமல் வந்தால் எல்லாருடைய முகத்திலும் கிறிஸ்மஸ் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கேக்கின் முதல் துண்டு எங்களுக்கு இல்லை. முதல் தட்டு வெளியே போக வேண்டும். கேக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்து, குரோஷா பின்னிய துணியால் மூடி, அடுத்த வீடு, எதிர்த்த வீடு, கடைக்கார பாய் வீடு என்று எங்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து தட்டு வரும், கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டு திரும்பி வரும். வெறுந்தட்டாய் வராது. ஒரு கைப்பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, ஒன்றும் இல்லாவிட்டால் வீட்டு முருங்கையில் நாலு காயோ அதில் இருக்கும்.

ஒருமுறை ஓர் ஏழை விதவைத் தாயார் எங்கள் தட்டில் ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டை வைத்துக் கொடுத்தார்கள். "வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லி விட்டுவிட்டு வந்தோம். எங்கள் தாயார் எங்களைத் திரும்பவும் அனுப்பினார்கள். "போய் வாங்கிட்டு வா. வேண்டாம்னு சொன்னா, அவ வாசல நாமளே அடச்ச மாதிரி" என்றார்கள். அந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அதை மறந்துபோய்ப் பெரிய தவறு செய்தவர்கள் நாங்கள்.

அதைச் சொல்லுமுன் நம்முடைய பலகாரத் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் உள்ளது எல்லாம் நாமே கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதிரசம் யாருடையது? நம்முடைய இந்து உறவினரோடும் அயலகத்தாரோடும் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்து வருவது. அச்சு முறுக்கைப் பாருங்கள். பூப்போன்ற இரும்பு அச்சைச் சூடான எண்ணெயில் வைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கும் இந்த முறையைச் சுவீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்மஸுக்குச் செய்கிறார்கள். கேரளத்தார் அச்சப்பம் என்கிறார்கள். இலங்கையில் கொக்கிஸ் என்கிறார்கள். அது டச்சுக்காரரின் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பர். நம் ஊர் கல்கல், கோவாவிலும் மங்களூரிலும் குல்குல் என்ற பெயரோடு கிறிஸ்மஸ் தட்டில் இருக்கிறது.

தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பாதாம்பருப்பில் செய்ததை, இங்கே முந்திரிப்பருப்பில் செய்தார்கள். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைச் சேர்த்து, இளஞ்சூட்டில் உலர்த்தி எடுக்கிறார்கள். அந்த முந்திரியும் நம்முடையது அல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம்.

கேரளத்துத் தலைச்சேரியில் 1883-ஆம் ஆண்டு நடந்ததாக ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. மம்பள்ளி பாப்பு என்பவர் அங்கே பிஸ்கட் தொழிற்சாலை நடத்திவந்தார். தோட்ட முதலாளியான மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர், தாம் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்மஸ் கேக்கை அவரிடம் காட்டி, இதுபோல் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பிரவுன் சேர்க்கச் சொன்ன பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சாற்றைச் சேர்த்து பாப்பு சுட்டுக் கொடுத்தார். நம் நாட்டில் சுடப்பட்ட முதல் கிறிஸ்மஸ் கேக் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அதைச் சுட்டவர் கிறிஸ்தவர் அல்ல என்பதையும் கவனியுங்கள்.

பெயர்களையும் பாருங்கள். பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் பிளம் என்றே அழைத்தார்கள். நம் முந்திரிக்கொத்திலும் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்த பாசிப்பயற்று மாவு, வெல்லப்பாகு, தேங்காய், எள்ளு இவைகளைப் பிசைந்து உருட்டி, மும்மூன்றாய் அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கிறோம். ஆகவே நம் தட்டில் இருப்பது எல்லாம் யாரோ கொடுத்து, யாரோ வாங்கி, தங்கள் கையில் இருந்ததைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததுதான். நம்முடைய பலகாரத் தட்டே பல வீடுகளிலிருந்து வெறுமையாய்த் திரும்பாமல் வந்த தட்டு.

இனி எங்கள் தவறைச் சொல்லுகிறோம்.

அது 2009-ஆம் ஆண்டு. நாங்கள் மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த புதிது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆதரவாளர்கள் அன்போடு சுட்டு அனுப்பியிருந்த கேக்குகளைத் துண்டு போட்டு, மருத்துவமனைச் சமையலறையில் சில்வர் தட்டுகளை வாங்கி, வாலிபர் குழுவோடு வார்டு வார்டாகப் போனோம். பாட்டு, ஜெபம், ஒரு துண்டு கேக். பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் சுமார் அறுபது வயதுள்ள ஒரு தாயார் இருந்தார்கள். பீடி சுற்றிப் பிழைத்தவர்கள். சர்க்கரை வியாதியினால் காலில் புண் வந்து ஏழு வாரமாகப் படுக்கையில் இருந்தார்கள். சிஸ்டர் அவர்கள் தட்டிலிருந்த கேக்கை எடுத்துவிட்டு இரண்டு உப்பு பிஸ்கட் வைத்தார்கள். அது சரியான காரியம்தான். நாங்கள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

தட்டுகளைத் திரும்ப வாங்கும்போது அந்தத் தாயார் மட்டும் தட்டைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். வாலிபன் ஒருவன் விளையாட்டாக, "பாட்டி, இது ஆஸ்பத்திரித் தட்டு" என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்துவிட்டோம்.

அவர்கள் சிரிக்கவில்லை. "வெறுந்தட்ட எப்படிங்கய்யா குடுக்கது? எங்க ஊருல அப்படி வழக்கம் இல்லல்லா" என்றார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பையை மகளிடம் எடுக்கச் சொல்லி, அதற்குள் துழாவி, ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மிகுந்த அன்போடு அதை எடுத்து அவர்கள் கையிலேயே திரும்பவும் வைத்து, "நீங்க சாப்பிடுங்கம்மா, உங்களுக்குத்தான் பெலன் வேணும்" என்று சொல்லி, வெறுந்தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தபோது அவர்கள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்கள். களைப்பு என்று நினைத்தோம்.

இரவில் வீட்டில் இதைச் சொன்னபோது எங்கள் துணைவியார் கேட்டார்கள்: "தட்டுல வச்சத ஏன் எடுத்துக் குடுத்தீங்க? உங்க அம்மா இருந்தா விட்டிருப்பாங்களா?" அப்போதுதான் எங்களுக்குக் குத்திற்று. கருப்பட்டித் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் அந்தத் தாயாரின் வாசலை அடைத்துவிட்டு வந்திருந்தோம்.

காலை ஆராதனை முடிந்ததும் வார்டுக்கு ஓடினோம். அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. பண்டிகைக்கு வீட்டுக்குப் போகக்கூடியவர்களை அனுப்பியிருந்தார்கள், அவர்களும் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். விசாரித்து அவர்கள் ஊருக்கே போயிருக்கலாம். பண்டிகை முடியட்டும், புதுவருஷம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டது அப்படியே போயிற்று. அவர்களை மறுபடியும் நாங்கள் காணவில்லை. இன்றைக்கும் கொய்யாப்பழக் கூடையைக் கண்டால் எங்கள் மனது நேராயிருப்பதில்லை.

பிரியமானவர்களே, 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் சாறிபாத் ஊர் விதவையின் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அதைச் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவோம் என்றிருந்த ஒரு தாயும் மகனும். எலியா தீர்க்கதரிசி அவளிடத்தில் போய், முதலாவது தனக்கு ஒரு சிறிய அடையைச் சுட்டுக் கொண்டுவரும்படி கேட்கிறார். அந்தப் பகுதியை நாங்கள் பல வருஷம், கொடுக்கிறவளுடைய விசுவாசம் என்று பிரசங்கித்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்தத் தாயாரின் கட்டிலுக்குப் பிறகு, கேட்கிறவருடைய தாழ்மையையும் அதில் காணும்படி ஆண்டவர் எங்கள் கண்களைத் திறந்தார். எலியா அவளுக்கு உதவி செய்ய வந்தவராய் நின்றுகொள்ளவில்லை. வெறுங்கையோடு வந்து, அவள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார். சாகப்போகிறவள் என்று தன்னை நினைத்திருந்தவள், ஒரு தேவமனுஷனைப் போஷிக்கிறவளானாள்.

பெத்லகேமைப் பாருங்கள். அப்பத்தின் வீடு என்று அந்த ஊருக்குப் பொருள். அங்கே பிறந்த நம் ஆண்டவர் ஒன்றும் இல்லாதவராய்ப் பிறந்தார். தாயிடத்தில் பாலை வாங்கினார், துணியை வாங்கினார், மாடுகளின் முன்னணையை வாங்கினார். சாஸ்திரிகள் கொண்டுவந்ததை வேண்டாம் என்று அவர் பெற்றோர் திருப்பி அனுப்பவில்லை. வளர்ந்த பிறகும் சமாரியா ஊர்க் கிணற்றண்டையில் ஒரு பெண்ணிடத்தில் தண்ணீர் கேட்டார். எல்லாவற்றையும் கொடுக்க வந்தவர், முதலாவது வாங்கக் கற்றுக்கொண்டவராய் வந்தார். கிறிஸ்மஸின் ஆழம் இங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் விசுவாசிக்கிறோம்.

அடுத்த வருஷம், 2010-இல், கிறிஸ்மஸ் நெருங்கியபோது எங்களுக்குச் செமினரியில் படித்த ஒரு காரியம் உதவிக்கு வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1549-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில், அட்வெந்துக்கு முந்தின ஞாயிறுக்குரிய ஜெபம், 'கிளறிவிடும்' என்ற பொருள்படும் சொல்லோடு தொடங்குகிறது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன இங்கிலாந்து ஜனங்கள், கிறிஸ்மஸ் புட்டிங் கிளறும் வேளை வந்துவிட்டது என்று வேடிக்கையாய்ச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. வீட்டில் பெரியவர் முதல் குழந்தை வரைக்கும் ஒவ்வொருவரும் கரண்டியைப் பிடித்து ஒரு சுற்றுக் கிளற வேண்டும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே கிளறும் ஞாயிறு என்ற பொருளில் பெயர் நிலைத்துவிட்டது.

வார்டில் ஒவ்வொரு கையும் ஒரு சுற்றுக் கிளறக்கூடிய பலகாரம் எது என்று யோசித்தோம். எண்ணெயும் நெருப்பும் வார்டுக்கு ஆகாது. எங்கள் துணைவியார்தான் கல்கல் என்றார்கள். மாவைப் பிசைந்துவிட்டால் மீதி எல்லாம் விரல் வேலை. சுண்டைக்காய் அளவு உருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ சுத்தமான புதுச் சீப்பிலோ வைத்து, பெருவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாய்ச் சுருண்டு சங்குபோல் வரும். கட்டிலில் சாய்ந்துகொண்டும் செய்யலாம், ஒரு கையாலும் செய்யலாம்.

அளவு கேட்கிறவர்களுக்காகச் சொல்லுகிறோம்: மைதா 1 கிலோ, பொடித்த சர்க்கரை 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 4, அரைத் தேக்கரண்டி உப்பு, பிசைவதற்குக் கெட்டித் தேங்காய்ப்பால். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சங்கொஞ்சமாய் ஊற்றி, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். மிதமான சூட்டில் பொரிக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே வேகாது.

நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் அனுமதி கேட்டபோது அவர்கள் நிபந்தனை போட்டார்கள். எல்லாரும் சோப்பினால் கைகழுவ வேண்டும். கையில் புண், வயிற்றுப்போக்கு, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் மாவைத் தொடக் கூடாது. பொரிப்பது சமையலறையில் மட்டும். எல்லாவற்றுக்கும் சம்மதித்தோம். மாவைத் தொடக் கூடாதவர்கள் பொட்டலத்தைக் கட்ட நூல் அளந்து வெட்டிக் கொடுத்தார்கள். ஒருவரும் சும்மா இருக்கவில்லை.

அன்றைக்கு வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்தோம். வர முடியாதவர்களுக்குக் கட்டிலுக்கே தட்டு போயிற்று. வலது கை மாவுக்கட்டில் இருந்த பெரியவர் ஒருவர், தம் வாழ்நாளில் அடுக்களைப் பக்கமே போகாதவர், இடது கைப் பெருவிரலால் பதினைந்து கல்கல் செய்து, அவற்றைத் தனியாக எண்ணி வைத்துக்கொண்டார். பீடி சுற்றும் பெண்கள் மூன்றுபேர் இருந்தார்கள். அவர்கள் விரல் வேகத்துக்கு எங்களில் ஒருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வருஷத்துக்கு முன் தட்டை மடியில் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்து, நாங்கள் எழுந்து கொஞ்சம் வெளியே போக வேண்டியதாயிற்று. அந்த மூவரில் ஒரு தாயார் சர்க்கரை வியாதிக்காரர். "உங்களால சாப்பிட முடியாதே அம்மா" என்றோம். "நான் தின்னாட்டா என்னய்யா, உருட்டுன கை இனிக்குல்லா" என்றார்கள்.

அங்கே நாங்கள் பிரசங்கிக்கவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாய் உட்கார்ந்து, தங்கள் தங்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்கு என்ன செய்வார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் பொரித்துப் பொட்டலம் கட்டி, நோயாளிகளே கொடுத்தார்கள். டாக்டர்களுக்கு, சிஸ்டர்களுக்கு, துப்புரவுப் பணியாளர்களுக்கு, ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு. வாசல் காவலாளி பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எங்களுக்கும் ஒன்று வந்தது. இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

2020-இல் கொரோனா காலத்தில் இதை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு மறுபடியும் தொடங்கினோம். இந்த வருஷமும் செய்யப்போகிறோம்.

பலகாரம் செய்யப்போகிற உங்களுக்கு வார்டில் கண்டு கற்ற சில காரியங்களையும் சொல்லிவிடுகிறோம். பண்டிகை நாட்களில் சூடான எண்ணெய் பட்டுப் பிள்ளைகள் வருவதைக் கண்டு அழுதிருக்கிறோம். பொரிக்கும் இடத்தில் சிறு பிள்ளைகள் வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். அச்சு இரும்பில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், துடைத்துவிட்டு வையுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் மை, மாவு, பற்பசை ஒன்றும் பூசாமல், ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

நோயாளிகளுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் கிரீம் வைத்த கேக்கைத் தவிர்த்து, கல்கல், அச்சு முறுக்கு போன்ற கெடாத பலகாரங்களை, நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அனுப்புங்கள். செய்த தேதியையும், முட்டை, பருப்புகள் சேர்ந்திருந்தால் அதையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நேரே நோயாளி கையில் கொடுக்காமல் சிஸ்டரிடம் கொடுங்கள். கருப்பட்டி, வெல்லம், தேன், பேரீச்சம்பழம் இவைகளில் செய்ததைச் சர்க்கரை வியாதிக்காரர் தாராளமாய்ச் சாப்பிடலாம் என்று அநேகர் நினைக்கிறார்கள். அது தவறு. அவைகளும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு வறுத்த கடலையோ சுண்டலோ அனுப்பினால் அதுவே கிறிஸ்மஸ் பலகாரம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. கேக்குக்குப் பழம் ஊறவைக்கிறவர்கள் மதுவுக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். மருந்து உட்கொள்ளுகிறவர்களுக்கு மது ஆகாது. சாற்றில் ஊறிய பழத்தை மட்டும் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் கேக் சுட்டுவிட வேண்டும்.

இன்னும் ஒரே காரியம் சொல்லி முடிக்கிறோம். நீங்கள் கொடுக்கிறவர்கள். உங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, பிடியரிசிக் காணிக்கையாகச் சபைக்குக் கொடுத்த பரம்பரை. அப்படி ஒரு பிடி கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் தாங்களே அரைவயிறு உண்டவர்கள். ஏழை என்று சொல்லி அவர்கள் பிடியரிசியை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த மரியாதையை நாமும் பிறருக்குச் செய்ய வேண்டும்.

நெகேமியா 8:10-ஐ வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பண்டிகை நாளிலே தாங்கள் சாப்பிடுவதோடு, ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்கும் பங்கு அனுப்பும்படி ஜனங்களுக்குச் சொல்லப்படுகிறது. நாம் அனுப்புகிறோம். நல்லது, அனுப்புங்கள். ஆனால் அவர்களிடத்திலிருந்தும் ஒன்று வாங்க ஆயத்தமாயிருங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் நாற்காலி போட்டு, "நீங்க சும்மா இருங்க அத்தை, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று உட்காரவைத்திருக்கிற முதிய தாயார் இருக்கலாம். அவர்கள் கையில் ஒரு உருண்டை மாவைக் கொடுங்கள். கோணலாய் வந்தாலும் அதையும் பொரித்து, அதையும் தட்டில் வையுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற சகோதரிக்குக் கேக் கொடுப்பீர்கள், அவர்கள் மறுநாள் கொண்டுவருவதை முகமலர்ச்சியோடு வாங்கி, அவர்கள் கண்முன்னே சாப்பிடுங்கள். மருத்துவமனைக்கு மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள், ஆனால் கூடுமானால் ஒரு மணி நேரம் வந்து எங்கள் பாயில் உட்காருங்கள். நோயாளி உருட்டிக் கட்டிய பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வருகிறவர்கள் முன்கூட்டியே போதகர் அலுவலகத்தில் தெரிவித்தால் உதவியாயிருக்கும்.

பெயர் சொல்ல முடியாத அந்தத் தாயாருக்காகவும் ஒரு நிமிஷம் ஜெபித்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். உயிரோடிருந்தால் கர்த்தர் அவர்களைச் சுகத்தோடு காப்பாராக. நாங்கள் வாங்காமல் விட்ட அந்தக் கொய்யாப்பழத்தை மன்னிப்பாராக.

நம்மிடத்தில் வாங்குகிறவராய் வந்து, நமக்கு எல்லாவற்றையும் கொடுத்த ஆண்டவர், உங்கள் வீடுகளையும் அடுப்புகளையும் தட்டுகளையும் ஆசீர்வதிப்பாராக. உங்கள் யாவருக்கும் எங்கள் கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள்.

ஆமென்.